முறுகல் பதம்

"முறுகலா இல்லன்னா அவருக்குத் தொண்டையில இறங்காது" என்றபடி அந்த வீட்டம்மா அடுப்பைக் குறைத்து வைத்தாள். தட்டையான இரும்புச் சட்டியில் உப்பிட்ட பன்றி இறைச்சியான பேக்கன் நான்கு துண்டுகள், ஒன்றையொன்று தொடாமல் படுத்திருந்தன.

சமையலறை வாசலில் நின்ற நர்ஸுக்குப் பகீரென்றது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலையில் அவளுக்குப் பதினோரு வருடப் பழக்கம். இந்த வீட்டுக்கு இன்றுதான் முதல் நாள். பக்கவாதம் வந்து ஏழு மாதமாகப் படுக்கையில் கிடக்கும் மனிதருக்கு வயிற்றில் வைத்த குழாய் வழியாகத்தான் கஞ்சி போகிறது என்று கையிலிருந்த தாள் சொன்னது.

"அம்மா, அவருக்கு வாய் வழியா ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது. புரையேறி உயிருக்கே ஆபத்தாயிடும்."

"தெரியாம இருக்குமா?" வீட்டம்மா திரும்பாமலே சிரித்தாள். "இது எனக்கு. ஆனா அவர் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிடுவேன். முப்பத்து மூணு வருஷமா காலையில அவருக்கு இதுதான். இப்போ வாசனையாவது போய்ச் சேரட்டுமே."

நர்ஸுக்கு மனசு இளகிவிட்டது. முன்பு இங்கே வந்துகொண்டிருந்தவள் பொறுப்பை ஒப்படைக்கும்போதே சொல்லியிருந்தாள்: "அப்படி ஒரு பொண்டாட்டி அமைய அந்த ஆள் குடுத்து வெச்சிருக்கணும்." தனக்கு இப்படி ஒரு நிலைமை வந்தால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். கட்டிய புருஷனையும் சேர்த்து ஒருவரும் தென்படவில்லை.

"நான் செஞ்சா பாதி கருகிடுது, மீதி நமத்துப் போயிடுது" என்றாள் நர்ஸ். "எங்க வீட்டுக்காரர் தட்டை நகர்த்தி வெச்சிட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு."

"நகர்த்தித்தானே வெக்கிறாரு? தங்கமான மனுஷன்" என்றாள் வீட்டம்மா. "சட்டி காயறதுக்கு முன்னாடியே துண்டைப் போட்டுடணும்மா. சின்னத் தீ. கொழுப்பு தானா உருகி வரும், அதுலயே அது பொரியும். இந்த வீட்டுக்கு வந்த முதல் மாசமே கத்துக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு பொட்டு என் மேல தெறிச்சதில்ல."

துண்டுகளை முள்கரண்டியால் புரட்டக் குனிந்தபோது, அவள் காதுக்குக் கீழே தொடங்கிக் ரவிக்கைக்குள் இறங்கிய பழைய தீத்தழும்பு தெரிந்தது. நர்ஸ் கேட்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் கேட்காமல் இருப்பதும் அவள் வேலையில் சேர்த்திதான்.

படுக்கையறைக்குப் போனாள். ஆள் ஒரு காலத்தில் ஆஜானுபாகுவாக இருந்திருக்க வேண்டும். இப்போது போர்வைக்குள் எலும்புதான் மிச்சம். குழாயைச் சுத்தம் செய்துவிட்டு முகத்தருகே குனிந்தாள்.

"ஐயா, நான் பேசறது புரியுதா? புரிஞ்சா ஒரு தடவை கண்ணை மூடித் திறங்க."

மூடித் திறந்தார். நாக்குதான் விழுந்திருக்கிறது, மூளை அல்ல. படுக்கை விரிப்பு கண்ணாடி போல் சுத்தம், முதுகில் ஒரு புண் இல்லை. பணம் கொடுத்து வைத்த ஆள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள்.

நாடி பிடித்துப் பார்த்தாள், சீராக இருந்தது. சமையலறையில் சட்டியின் சீறல் அடங்கித் தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் விரலுக்கடியில் நாடி குதிரை வேகத்தில் ஓடத் தொடங்கியது.

'ஆசை யாரை விட்டது' என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டம்மா தட்டோடு வந்து நாற்காலியைக் கட்டில் ஓரமாக, அவர் காதுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டாள். ஒரு துண்டை எடுத்து இரண்டாக ஒடித்தாள். காய்ந்த சுள்ளி முறிவதுபோல் சத்தம் வந்தது. அவருடைய கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுப்பக்கம் வழிந்தது.

"பாருங்கம்மா, கண்ணு கலங்கிடுச்சு" என்றாள் நர்ஸ். "உங்க மேல உயிரையே வெச்சிருக்காரு."

"தினமும் இந்த நேரத்துக்குக் கலங்கும்" என்றாள் வீட்டம்மா, முந்தானையால் அவர் முகத்தைப் பதமாகத் துடைத்துக்கொண்டே.

புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் தான் எதற்கு என்று நர்ஸ் கூடத்துக்கு வந்தாள். தாளை விரித்து, 'குடும்பத்தாரின் கவனிப்பு' என்ற இடத்தில் 'மிக நன்று' என்று எழுதினாள். எழுதியது போதவில்லை என்று தோன்ற, அடியில் ஒரு கோடும் இழுத்தாள். பையை மூடும்போதுதான் வெப்பமானியைக் கட்டிலருகிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது.

அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே வீட்டம்மா நிதானமாக, நொறுக்கு நொறுக்கென்று சத்தம் வர மென்றுகொண்டிருந்தாள். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். அவள் அவர் காதருகே குனிந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்பு பேக்கன் பொரிக்கச் சொல்லிக்கொடுத்த அதே சாந்தமான குரல்தான்.

"முறுகல் பத்தலையாங்க? பழையபடி சட்டியோட தூக்கி என் மேல வீசுங்க, பாக்கலாம்."