சாத்திய கதவு

வகுப்பறையின் நடுவே சக்கர நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். கண்களை மறைத்த, மெய்நிகர் காட்சி காட்டும் வி.ஆர். கண்ணாடிக்குள் அவருடைய வாடகை வீட்டுக் குளியலறையே விரிந்திருக்கிறது. சிகிச்சைப் படிப்பு படிக்கும் மகள், நிஜத்தில் நாற்காலி நுழையாத அதன் வாசலை இதில் அகலமாக்கியிருக்கிறாள். வீட்டுக்காரர் ஆணி அடிக்கக்கூட விடாத சுவரில் கைப்பிடி பதித்திருக்கிறாள். அவர் காண்பதெல்லாம் பெரிய திரையில் வகுப்புக்கே தெரிகிறது. "இடிக்காம உள்ள வந்துட்டேன்மா!" என்று சிரித்தபடி அப்பா அந்தக் கைப்பிடியை எட்டிப் பிடிக்கிறார். பிடிமானமில்லாமல் முன்னால் சரிகிறவரை மகள் பாய்ந்து தாங்குகிறாள். "அது வெறும் காத்துப்பா, சாயாத!" "நீ வச்சதாச்சேன்னு நம்பிட்டேன்." பின்வரிசையில் கிளம்பிய சிரிப்பு, அவள் முறைத்த முறைப்பில் அடங்குகிறது. அப்பாவின் கை மறுபடி காற்றில் எதையோ தேடிப் பிடித்து, மெதுவாக இழுக்கிறது. திரையில் கதவு மூடுகிறது. அவருக்குக் கால்கள் விளங்காமல் போனதிலிருந்து, அம்மா கூடவே நின்று தாங்க வேண்டியிருப்பதால், வீட்டில் ஒருநாளும் சாத்தாத கதவு. "கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாதீங்க," என்கிறார். ஆசிரியை திரையை அணைக்கிறார். சட்டைப் பொத்தான்கூடக் கழற்றாமல் நடுவகுப்பில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு முதுகு காட்டி, மகள் திரும்பி நிற்கிறாள்.