அபராதத்தைக் கூட்டுங்கள்

"இந்த அபராதம் பத்தாது மேடம்" என்றார் எதிரே உட்கார்ந்திருந்தவர்.

சாயத் தொழிற்சாலை மறுபடியும் கழிவுநீரை ஆற்றில் திறந்துவிட்டது நிரூபணமாகி, அன்று காலைதான் சுற்றுச்சூழல் அதிகாரி அபராத உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆற்றங்கரையில் குடியிருப்பவர் யாரோ நியாயம் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

"சட்டத்துல இதுக்கு மேல போட இடமில்லைங்க."

"அது அவங்களுக்குக் கொசுக்கடி. சுத்திகரிப்பு மெஷின் வாங்கறதைவிட அபராதம் கட்டறது மலிவுன்னு முதலாளி வாய்விட்டே சொல்றார்."

"எனக்கு மட்டும் வயிறு எரியலைன்னு நினைக்கிறீங்களா?" என்றாள் அதிகாரி. செத்து மிதந்த மீன்களைக் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தவள் அவள். "என் கையைக் கட்டிப் போட்டிருக்காங்க."

"பத்து மடங்கு போடுங்க மேடம். அப்பதான் மெஷின் வாங்குவாங்க."

"நீங்க ஊர்க்காரங்களைக் கூட்டிக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போங்க. நானே வந்து சாட்சி சொல்றேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் ஊர்க்காரன் இல்லை மேடம். அந்தத் தொழிற்சாலையோட இன்ஜினியர். கழிவுநீர் என் பொறுப்புதான். மெஷின் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டு போச்சு."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப இங்கே எதுக்கு வந்தீங்க?"

"அபராதத்தைக் கட்டிட்டு வரச் சொன்னாங்க." செக்கை மேசைமேல் வைத்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து இப்பவே கட்டிடலாமான்னு முதலாளி கேட்கச் சொன்னார்."