அர்த்தம் கேட்டு வந்தவன்

“சார், இங்கிலீசுல ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியணும்.”

வாசலில் தளவாய் நின்றிருந்தான். தாராவியில் தோல் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜம்பு அங்கே போய் நடத்தும் இலவச ஆங்கில வகுப்பில் படிக்கிறவன். மாதுங்காவில் ஜம்புவின் வீட்டைத் தேடி இதுவரை வந்ததில்லை.

“உள்ளே வாப்பா. கையில என்ன?”

“தோல் வெட்டுற கத்தி சார். சாணை பிடிச்சிட்டு நேரா வாரேன்.”

செய்தித்தாளில் சுற்றியிருந்த கத்தியை ஸ்டூலின் மேல் வைத்தான். தாளைக் கிழித்துக்கொண்டு அதன் நுனி தெரிந்தது. உள்ளே ஜம்புவின் மனைவி பாகீரதி காப்பிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஜம்பு எழுந்து போய் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

தளவாய் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். டைப் அடித்த ஒரே வரி.

“யூ ஆர்... அதுவரைக்கும் படிச்சிட்டேன். அடுத்த வார்த்தைதான் வாயில நுழைய மாட்டேங்கு.”

“இர்ரெசிஸ்டிபிள்,” என்றான் ஜம்பு. “இது எங்கே கிடைச்சுது?”

“எந் தங்கச்சி ஆறுமுகத்தாய்க்கு வந்துருக்கு. பதினஞ்சு நயா பைசா கவர்ல, தபால்ல. எழுதினவன் பேரு இல்ல. உங்க வகுப்புக்கு அவளும் வாராள்லா, அவளுக்கே அர்த்தம் தெரியல. தை மாசம் அவளுக்குக் கல்யாணம் சார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா எல்லாம் போச்சு.”

“அவளைக் கேட்டியா?”

“யாருன்னே தெரியாதுன்னு அழுதா. தப்பான வார்த்தைன்னு மட்டும் தெரியட்டும், எழுதினவனை விடமாட்டேன். போன வருசம் அவ கையைப் பிடிச்சானே ஒரு சூப்பர்வைசர், அவன் கதை உங்களுக்குத் தெரியும்லா?”

ஜம்புவுக்குத் தெரியும். தாராவி முழுக்கத் தெரியும். அந்த ஆள் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வர மூன்று மாதம் ஆயிற்று.

ஒரு பொய் சொன்னால் ஒரு உயிர் பிழைக்கும்.

“இது நல்ல வார்த்தைதாம்ப்பா. மரியாதைக்குரியன்னு அர்த்தம். ஆபீஸ் லெட்டர்ல நாங்க தினமும் போடறதுதான்.”

“அப்படியா?”

“ஆமா. நீ மரியாதைக்குரியவள், அவ்வளவுதான். எங்கேயாவது வேலைக்கு எழுதிப் போட்டிருப்பா. அந்தக் கம்பெனிக்காரன் பதில் போட்டிருப்பான்.”

“பக்காவாத் தெரியுமா சார்?”

“இருபது வருஷமா ஆபீஸ்ல இங்கிலீஷ்லதான் குப்பை கொட்டறேன். எனக்குத் தெரியாதா?”

“யார் வந்திருக்கா? காப்பி கொண்டுவரட்டுமா?” கதவுக்குப் பின்னாலிருந்து பாகீரதியின் குரல்.

“வேண்டாம்!” ஜம்பு கத்தியே விட்டான். பாகீரதி காலேஜ் வரை படித்தவள். தாளைப் பார்த்தால் உண்மையான அர்த்தத்தைப் பட்டென்று சொல்லிவிடுவாள்.

தளவாய் தாளை நிதானமாக மடித்தான்.

“அதான் ஒண்ணுமில்லேன்னு ஆயிடுத்தே. கிழிச்சுப் போட்டுடுப்பா,” என்றான் ஜம்பு. அப்போதுதான் அவனுக்கு மூச்சு சீராக வந்தது.

தளவாய் கிழிக்கவில்லை.

“நேத்துல இருந்து ஆறு பேர்ட்ட கேட்டுட்டேன் சார். நாலு பேரு தெரியாதுன்னுட்டாங்க. பள்ளிக்கூடத்து சுலைகா டீச்சர் சொன்னாங்க, மழை நேரத்துல பஜியா வாசம் வந்தா காலு தானா அந்தப் பக்கம் போகும்லா, அந்த மாதிரி பாக்கிறவன் மனசை அடக்க முடியாத அழகுன்னு. ரயில்வே ஆபீஸ் ரஹ்மத்துல்லா பாயும் அதையேதான் சொன்னாரு.”

அவன் எழுந்து வாசல் கதவைத் தாழிட்டான்.

“தெரியாதவன் தெரியாதும்பான், தெரிஞ்சவன் உள்ளதைச் சொல்லுவான். பொய் சொன்னது நீங்க ஒருத்தர்தான் சார்.”

போன புதன்கிழமை சாப்பாட்டு வேளையில், ஆபீஸ் காலியாக இருந்தபோது அந்த ஒரு வரியை டைப் அடித்த விரல்களை ஜம்பு மெல்ல மடிக்குள் மறைத்துக்கொண்டான்.