லவீனியாவின் அளவு

தெருமுனையில் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டதுமே டெய்லர் மானாசே இன்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பாய்ந்து ஓடினார்.

தரையில் தையல் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த பொன்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஃபிஜியிலிருந்து வந்த மெக்கானிக் அவர். டோங்காவுக்கு இதுதான் முதல் தடவை.

ஒரு நிமிடம் முன்புவரை கடை கலகலப்பாக இருந்தது. “இடுப்புல கொஞ்சம் கூடுதலா வை டெய்லரே, என் புருஷன் வலையில இப்ப நல்லா மீன் விழுது” என்றாள் ஒருத்தி. “இப்படியே போனா அடுத்த தடவை ரெண்டு டேப்பை ஒட்டுப் போட்டுத்தான் அளக்கணும்” என்று சொல்லிக்கொண்டே அவளுக்கு அளவெடுத்தார் மானாசே. கூட வந்த தோழி விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பொட்டலங்களை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிவிட்டார்கள்.

உள்ளே வந்தவள் லவீனியா. ஓங்கிய உருவம், நிமிர்ந்த நடை. டெய்லர் எங்கே என்று கேட்கவில்லை. நேராகப் போய் மானாசேயின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜையிலிருந்த புதுக் கத்தரிக்கோலை எடுத்துக் கூர் பார்த்தாள். தன் ஓலைக்கூடைக்குள் போட்டுக்கொண்டாள்.

பொன்சாமி பின்பக்கம் ஓடினார். கொல்லை மரத்தடியில், கடைக்கு முதுகைக் காட்டியபடி மானாசே நின்றிருந்தார்.

“டெய்லரே, உங்க புதுக் கத்தரியை எடுத்துக் கூடையில போட்டுக்கிட்டாங்க!”

“போட்டுக்கட்டும். மெஷின் ஓடுமா?”

“ஓடும். தேங்காய் எண்ணெயை விட்டா சிக்காம என்ன செய்யும்? பல்லுக்கு அடியில நூலும் பஞ்சும் எண்ணெயுமா அல்வா கிண்டி வச்சிருக்கீங்க. வழிச்சு எடுத்துட்டேன். இனிமே மெஷின் எண்ணெய்தான், ஆமா.”

“சரி, சரி. இன்னொரு உதவி பண்ணு.” மானாசே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்தம்மா ஒரு வருஷம் ஆக்லாந்துல மக வீட்டுல இருந்துட்டு நேத்துத்தான் வந்தாங்க. பழைய அளவு உதவாது. நாளைக்குச் சர்ச்சுல பாட்டுக் குழுவுக்கு முன்னால நிக்கப் போறாங்க. எப்பவும் என் பொண்டாட்டி ஓஃபாதான் அவங்களுக்கு அளவெடுப்பா. அவ வவாவு தீவுல மாட்டிக்கிட்டா, கப்பல் வரல. நீ எடுத்துக் குடு.”

“நானா? எனக்கு மெஷின் கழுத்துதான் தெரியும், மனுஷங்க கழுத்து தெரியாது! நீங்களே எடுங்களேன். இப்பத்தானே ஒரு பொண்ணுக்கு எடுத்தீங்க?”

“நாளைக்கு ஞாயிறு, எங்க ஊர்ல ஊசியைத் தொட முடியாது. இன்னிக்கே முடியணும். அத்தனை சபைக்கு முன்னால அந்த உடுப்பு தொங்குச்சுன்னா எங்க வீட்டுப் பேரே போச்சு.”

கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை. ஆனால் மானாசேயின் முகத்தைப் பார்த்தபின் பொன்சாமியால் மறுக்க முடியவில்லை.

டேப்பைக் கையில் கொடுத்த மானாசே, எந்த இடத்தின் பெயரையும் வாயால் சொல்லவில்லை. பொன்சாமியின் உடம்பிலேயே மார்பு, இடுப்பு, தோள் என்று தொட்டு, “இங்க, இங்க, அப்புறம் இங்க” என்றார். “டேப்புக்குள்ள ரெண்டு விரல் போகணும். மூச்சைப் பிடிக்க விடாதே. சத்தமா சொல்லாதே. எழுதி ஜன்னல் வழியா நீட்டு.”

லவீனியா கைகளைத் தூக்கி நின்றாள். “ஏன் தம்பி இப்படி நடுங்குறே? நான் கடிக்க மாட்டேன்.”

பொன்சாமி வியர்க்க வியர்க்க அளந்து, எழுதி, ஜன்னலில் நீட்டினார். வெளியிலிருந்து ஒரு கை மட்டும் வந்து தாளை வாங்கியது.

“டேப்பைத் திருப்பிப் பிடி” என்றது குரல்.

பார்த்தால், இவ்வளவு நேரமும் பொன்சாமி சென்டிமீட்டர் பக்கத்தைப் படித்திருக்கிறார். லவீனியா முந்தானையை வாயில் அடைத்தவள்போல் உதட்டைக் கடித்துக் குலுங்கினாள். சற்றுமுன் டேப்பை ஒட்டுப் போடுவதாகச் சொன்ன மனிதர் இதற்கு ஒரு கேலிகூடப் பேசவில்லை.

அளவு முடிந்து லவீனியா வெளியே போன பிறகு மானாசே உள்ளே வந்து தைக்க உட்கார்ந்தார்; மெஷின் வெண்ணெயாக ஓடியது. பொழுது சாயுமுன் வெள்ளை உடுப்பு தயார். திரும்பி வந்த லவீனியா திரைக்குப் பின்னால் அதை அணிந்து, இடுப்பில் கியெகியெ என்ற பின்னல் அணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மானாசே மறுபடியும் மரத்தடியில்.

“எப்படி இருக்கு?”

“உடம்போட பிறந்த மாதிரி இருக்கு டெய்லரே!”

“சுருக்கம்?”

“ஒண்ணுகூட இல்ல.”

மானாசே கண்ணை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். போகிற போக்கில் லவீனியா ஒரு லேஸ் சுருளையும் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, சிரித்தபடி தெருவில் இறங்கினாள்.

அந்தச் சிரிப்பு தேய்ந்த பிறகுதான் மானாசே உள்ளே வந்தார். பொன்சாமியால் இனி அடக்க முடியவில்லை.

“கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. பழைய காதலா?”

மானாசே இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

“பின்ன என்னதான்? ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் நீங்க அளவெடுக்கலாம். இவங்களை மட்டும் எங்கிருந்தோ வந்த நான் தொடலாம், நீங்க தொடக் கூடாதா?”

“நீ தொடலாம்யா. நான் எப்படித் தொடுறது? எங்க டோங்கா வழக்கப்படி அவங்க இருக்கிற அறையில நான் நிக்கவே கூடாது, எதை எடுத்தாலும் ஏன்னு கேக்கவும் கூடாது. அவங்க என் கூடப்பொறந்த அக்கா!”