வாட்டர்லூவில் வென்றவர்

பாடப்புத்தகங்கள் படிப்பவரின் மனம் நோகாதபடி தம்மைத் தாமே திருத்திக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து, வரலாற்று வாத்தியார் அற்புதராஜுக்குத் தலையில் ஒரு முடி பாக்கியில்லை. பாலைவனப் பாடம் படித்த மாணவி ஒருத்தி தாகம் எடுக்கிறதென்று சிணுங்கினாள். அவள் புத்தகத்துச் சகாராவில் காவிரி கரைபுரண்டது.

"ஏம்மா மதுவந்தி, வாட்டர்லூவுல நெப்போலியனா ஜெயிச்சான்?"

"எனக்கு அவரைத்தான் சார் பிடிக்கும். புக்லயும் அப்படித்தான் போட்டிருக்கு. இந்தப் பரீட்சையில ஃபெயிலானா பத்தாவது போக முடியாது சார்!"

"உன் புக்கைக் கொண்டுபோய் அடுப்புல போடு! என் புக்ல பார்த்துச் சொல்றேன்."

ஆசிரியர்களுக்கென்று அன்றுதான் வந்திறங்கியிருந்த தன் பிரதியைத் திறந்தார். 'வாட்டர்லூவில் வென்றவர்: திரு. அற்புதராஜ், எம்.ஏ., பி.எட்.'

கத்துவதற்கு வாயைத் திறந்தவர், பட்டங்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மதுவந்தியின் விடைத்தாளில் பெரிதாக முட்டை போட்டார்.

"நெப்போலியனாம், நெப்போலியன்! ஜெயிச்சது நான்மா!"