முதல் நிறுத்தம்

"மூணு மாசம் ஓட்டிப் பாருங்க, ஆள் வரலைன்னா நிறுத்திடலாம்" என்று சொல்லித்தான் மேலதிகாரி நடமாடும் நூலக வண்டியை என்னிடம் ஒப்படைத்தார்.

"மூணு மாசத்துக்கு இந்தத் தேஞ்ச டயரே போதும் மேடம்" என்றார் டிரைவர்.

முதல் நாள், முதல் நிறுத்தத்தில் கதவைத் திறந்ததும் ஒரு பெண் புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள்.

"டை அடிச்சிருக்கீங்களா மேடம்? நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

எனக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை.

அட்டையெல்லாம் ஒட்டுப் போட்ட பழைய புத்தகம். அதன் புதுப்பிரதி, அதே எண்ணோடு, அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. தேதிச் சீட்டில் எங்கள் வண்டியின் முத்திரைகள் இடமில்லாமல் நெருக்கியடித்தன. கடைசித் தேதி வர இன்னும் பத்தொன்பது வருடம் இருந்தது. பக்கத்தில் என் கையெழுத்து, லேசான நடுக்கத்தோடு.

"அண்ணே, டயரை மாத்திடுங்க" என்றேன்.