வேல் வைத்த தாலி

“எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டேன் மிஸி. இது மட்டும் முடியாது. சின்னையா அண்ணன் வரட்டும்.”

அம்சவல்லி இரண்டு கைகளாலும் தாலியைப் பொத்திக்கொண்டாள். வளையல், மூக்குத்தி, மெட்டி எல்லாம் கட்டிலோரத் தட்டில் கிடந்தன. முகமும் காலும் வீங்கியிருந்தன. வயிற்றில் எட்டு மாதம்.

“பிள்ளைக்குத் துடிப்பு கொறையுதும்மா. உடனே வயித்த அறுத்து எடுக்கணும். ஒடம்புல ஒரு பொட்டு நகை இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சத்தம் போடுறாரு” என்றாள் தாதி நாகரத்தினம்.

“எங்க தோட்டத்து லைன் வீட்ல செல்லம்மாக்கா தாலியக் கழட்டி ஆணியில மாட்டிட்டுக் குளிச்சாங்க. அன்னிக்குச் சாயங்காலமே அவங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு ஆகிப் பிள்ள மட்டும் பொழைச்சு நான் என்ன மிஸி செய்வேன்?”

நாகரத்தினத்துக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. வலுக்கட்டாயமாகக் கழற்றவும் வழியில்லை. அந்தத் தாலிக்கொடிக்குக் கொக்கியே கிடையாது. தேயிலைக் கொழுந்துக் கூடைக் கயிற்றில் சிக்கிக் கொக்கி கழன்று கழன்று விழுகிறது என்று, போன தைப்பூசத்துக்கு முன்னால்தான் அதைப் பற்றவைத்து மூடியிருந்தார்கள்.

மூடிக் கொடுத்தவர் பிரிஞ்சாங் ஊரில் நகைப் பட்டறை வைத்திருந்த சின்னையா ஆசாரி. அன்றைக்கு அவர் செய்த ஆர்ப்பாட்டம் கொஞ்சமா? சாமி படத்துக்கு விளக்கேற்றி, தன் மனைவியைக் கூப்பிட்டு அம்சவல்லி கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டச் சொல்லி, அதற்கப்புறம்தான் தாலியைத் தொட்டார். ஒரு சின்ன வேலைக்கு அரை நாள் போய்விட்டதென்று அவள் புருஷன் காளியண்ணன் வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டே வந்தான்.

“அவருக்குத்தான் முறை தெரியும். அவரு கழட்டினா எனக்குப் பயமில்ல” என்று அம்சவல்லி மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தபோது, சின்னையா உள்ளே வந்தார். வேட்டியெல்லாம் செம்மண். நகக்கண்ணிலும் செம்மண்.

“என்னண்ணே இது கோலம்?”

“மழையில வழுக்கிட்டேன் தங்கச்சி. தோட்டத்து ஆபீசு கிராணி ஐயா தகவல் சொல்லி, கார்லயே கூட்டிட்டு வந்தாரு.”

“அவரு எங்கண்ணே? காலையில தேயிலை லோரிய எடுத்துக்கிட்டுத் தாப்பாவுக்குப் போனவரு. ரிங்லெட் பக்கம் மண்ணு சரிஞ்சிருச்சுன்னு பேசிக்கிறாங்களே.”

“ஆமா, சரிஞ்சுதான் கெடக்கு. லோரி அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. நான் போய்ப் பாத்துட்டுத்தான் வரேன்.” சின்னையா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். “மண்ணுக்கு அந்தப் பக்கம் நின்னு சத்தம் போட்டுச் சொன்னான். ‘கழட்டச் சொல்லுங்கண்ணே, பிள்ள பொறந்ததும் நானே திரும்பக் கட்டுறேன்’னான்.”

“அப்படியா சொன்னாரு?”

“அவனத்தான் தெரியும்லா, பிடிவாதக்காரன். இந்தத் தாலி செய்யறப்பவும் அப்படித்தானே! ஊருலேருந்து கப்பல்ல வந்த பொன்னு, உன் மாமியா காதுல கெடந்த தண்டட்டி. எல்லாரும் லட்சுமி வச்சுக் கேக்குறாங்க, இவன் மட்டும் ‘காவடி தூக்குறவன் பொண்டாட்டிக்கு வேல்தான் வேணும்’னு பட்டறையிலேயே உக்காந்துட்டான். அதுக்கு முன்னாடி வேல் வச்சு ஒரு தாலிகூட நான் செஞ்சதில்ல. மூணு தரம் அழிச்சு அழிச்சுச் செஞ்சேன்.”

அம்சவல்லி லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கமுடியாமல் சின்னையா குனிந்து பையைத் திறந்தார். குறடு, கத்திரி, அரம் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் வைத்தார். தாலியை மடித்து வைக்க ஒரு வெள்ளைத் துணியை விரித்தார்.

அவள் தலையைத் தூக்கிப் பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“வேற ஒண்ணும் கொண்டாரலையாண்ணே?”

“இது போதும் தங்கச்சி. ஒரே வெட்டு.”

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் கைகளை எடுத்துவிட்டு, கழுத்தை நன்றாகத் திருப்பிக் கொடுத்தாள்.

“கழட்டுங்க.”

நாகரத்தினத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. புருஷன் ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் போதும், இந்தப் பெண்களுக்கு எல்லாப் பயமும் ஓடிப்போய்விடுகிறது என்று நினைத்துக்கொண்டு, ஆளை அழைத்துத் தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொன்னாள்.

சின்னையா வெட்டினார். கை பழகிய வேலைதான், ஆனாலும் குறடு இரண்டு தரம் வழுக்கியது. கொடி கழுத்தைவிட்டு வந்தபோது அம்சவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வேல் வைத்த தாலி வெள்ளைத் துணியில் விழுந்தது.

வண்டியில் ஏற்றிப் படுக்கவைத்தார்கள். சின்னையா துணியை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு கூடவே நடந்தார்.

“பத்திரமா வச்சிருக்கேன் தங்கச்சி. தைரியமாப் போயிட்டு வா.”

அறுவை அறையின் கதவு திறந்தது. அம்சவல்லி அவர் கையைப் பிடித்தாள்.

“அண்ணே, அவர மண்ணுக்குள்ளேருந்து எடுத்துட்டீங்களா?”

சின்னையா அப்படியே நின்றுவிட்டார். “யா... யாரும்மா உங்கிட்ட சொன்னது?”

“நீங்கதாண்ணே. அவரு உசுரோட இருந்திருந்தா, மஞ்சக் கயிறு இல்லாம என் தாலியில கை வச்சிருப்பீங்களா?”